நீங்கள் வரையும் நீங்கள்



பொங்கல் இதழின் அட்டைக்கு இம்முறை எந்த நடிகையின் படத்தையும் வாங்கப் போவதில்லை. வாசகத் தோழிகளாகிய உங்களில் ஒருவர் தன்னைத்தானே வரைந்த படம்தான் அட்டையில் வரும். உள்ளேயும் எட்டுப் பக்கங்களை உங்கள் ஓவியங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஓவியம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் ஒரு கண்ணாடியும் போதும். எப்படி அனுப்புவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்த எண்ணம் ஏன் வந்தது என்பதை முதலில் உங்களோடு பேச வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரத்துக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். கைக்கடிகாரத்துக்குள் கடுகினும் சிறிய திருகைப் பொருத்துபவர், செல்போன் பாகத்தைச் சோதிப்பவர், காலணிக்குத் தையல் போடுபவர், ரோஜாப் பண்ணையில் பூ நறுக்கிக் கட்டு கட்டுபவர் என்று எல்லோரும் இருக்கிறீர்கள். 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்புப்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். 2021இல் போச்சம்பள்ளி ஸ்கூட்டர் தொழிற்சாலையை முழுக்கப் பெண்களைக் கொண்டே நடத்தப்போவதாக ஓலா நிறுவனம் அறிவித்தபோது, நாடே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஒரு நாளில் உங்கள் உடலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கேட்டில் சோதனை போடுபவர் பார்க்கிறார். லைனில் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சூப்பர்வைசர் பார்க்கிறார். ஷிப்ட் முடிந்து இறங்கினால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம், உயரம், பல்வரிசை எல்லாவற்றையும் ஒரு தட்டு பஜ்ஜி முடிவதற்குள் பார்த்து முடிக்கிறார்கள். ராத்திரி ஹாஸ்டல் கட்டிலில் படுத்து செல்போனில் ஒரு படம் எடுத்தால், அதுகூடக் கேட்காமலே கன்னத்தை வெளுப்பாக்கி மூக்கைச் சன்னமாக்கிக் காட்டுகிறது. இத்தனை பார்வைக்கு நடுவே, நாம் நம்மை நிதானமாக, குறை தேடாமல் பார்க்கும் ஐந்து நிமிடம் எங்கே இருக்கிறது? எனக்குத் தெரிந்து ஓவியம் ஒன்றுதான் அந்த ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக நீட்டித் தருகிறது. ஒரு புருவத்தை வரைய வேண்டுமென்றால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அது எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கவனித்தே ஆக வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அழகா இல்லையா என்ற கேள்வி வாய் திறக்க வழியில்லாமல் போய்விடுகிறது.

நம் மண்ணில் உருவம் எழுதும் பழக்கம் மிகப் பழையது. பர்கூருக்கு அருகே மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய ஓவியங்கள் இருக்கின்றன. குதிரை மேல் ஏறிச் சண்டையிடும் வீரர்களை இன்றும் பார்க்கலாம். மாவட்டம் முழுக்க ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நடுகற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கல்லின் நடுவில் ஆண், கையில் வாளும் வில்லும். பெண் எங்கே இருக்கிறாள் என்று தேடினால், செத்த வீரனை வானுலகுக்குத் தூக்கிச் செல்லும் தேவமகளிராக மேலே இருப்பாள். இல்லையென்றால் சதிக்கல்லில், வளையல் அணிந்த கையை உயர்த்தியபடி, கணவனோடு தீயில் இறங்கியவளாக இருப்பாள். நாற்று நட்டவளையோ மாடு ஓட்டியவளையோ அந்தக் கல்வரிசையில் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. இந்த மண்ணில் ஒரு பெண்ணின் உருவம் கல்லேறுவதற்கு அவள் நெருப்பேற வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லலாம். போனது எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டும். பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் அரசிடம் ஒப்படைக்கட்டும் என்று தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் பக்கத்துச் சேலத்தில்தான் தொடங்கியது. பிறகு அது நாம் அன்று சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. மலைக் கிராமங்களில் பள்ளி வயதுச் சிறுமிக்குத் தாலி கட்டி அனுப்பும் கொடுமை இன்னும் முழுதாக ஒழியவில்லை. இந்த வட்டாரத்தில் ஒரு பெண் தன் உடல் தனக்கே உரியது என்று சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு கனம் இருக்கிறது. நகரத்து விளம்பரங்கள் பேசும் உடல் பெருமையை அப்படியே எடுத்து உங்களிடம் நீட்ட எனக்கு மனமில்லாததற்கும் இதுவே காரணம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் அந்த ரோஜா நிறம் எங்கிருந்து வந்தது? ஓவியர் ரவி வர்மா 1894இல் அச்சகம் தொடங்கி, தன் தெய்வ ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட்டு வீடு வீடாகச் சேர்த்தார். பின்னர் கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியாகத் தமிழ்நாட்டுக் கடைகளிலும் வீடுகளிலும் குடியேறின. கைத்திறனில் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காலையில் எழுந்ததும் சிவந்த கன்னம் கொண்ட ஒரு முகத்தைக் கும்பிட்டுவிட்டு, பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் கறுத்த சிறுமிக்குள் என்ன நடந்திருக்கும்? 1975இல் கடைக்கு வந்த ஒரு முகப்பூச்சு, பெயரிலேயே வெளுப்பை வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து ஆண்டுகள் விற்றது. அந்தச் சொல் பெயரிலிருந்து நீங்கியது 2020இல்தான்.

இந்த ஓட்டத்துக்கு எதிராக நின்றவர்களில் ஓவியர் எஸ். இளையராஜாவை நீங்கள் அறிவீர்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். வார இதழ்களில் அவர் படங்களைப் பார்த்துப் புகைப்படம் என்று நினைத்தவர்கள் ஏராளம். அடுப்படி ஜன்னலோரம், கதவுநிலை, திண்ணை என்று நமக்குப் பழகிய இடங்களில் மாநிறமும் கருநிறமுமான பெண்கள். அவர்களின் தோலில் வெயில் விழும் விதத்தை அவ்வளவு மரியாதையோடு தீட்டினார். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது, கூடப் பிறந்தவரை இழந்ததுபோல் அழுத பெண்களை நான் அறிவேன். கறுப்பு நிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று தமிழ் வாசகருக்குக் காட்டியவர் அவர். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. என்றாலும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களிலும் பெண் இன்னொருவர் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறாள். அன்பான கண்தான், ஆனால் வேறொருவருடைய கண். அவளே தூரிகை பிடித்திருந்தால் என்ன வரைந்திருப்பாள் என்ற கேள்வி அங்கே மிச்சமிருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் டி.கே. பத்மினியிடம் வந்து சேர்ந்தேன்.

1940இல் கேரளத்தில் பொன்னானி பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரு கிராமத்துப் பெண் ரயிலேறி வந்து சென்னையில் தங்கி ஓவியம் படிப்பது அன்று எவ்வளவு பெரிய காரியம் என்பதை, அஞ்செட்டியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பெட்டியோடு ஓசூர் வந்து இறங்கிய உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே அவர் வரைந்த பெண்களைப் பாருங்கள். மண்ணின் பழுப்பில், மரங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே, பெரிய கண்களோடு இருக்கிறார்கள். சில படங்களில் உடையில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் யாருக்காகவும் இடுப்பை ஒடித்து நிற்கவில்லை, யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. தங்கள் உடம்புக்குள் தாங்களே குடியிருக்கிறார்கள். ஆண் ஓவியர்கள் நூற்றாண்டுகளாக வரைந்துவந்த நிர்வாணத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒரே பார்வையில் உணரலாம். பார்க்கிறவரை மகிழ்விக்கும் கடமை அந்த உடல்களுக்கு இல்லை.

இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுவிட்டு 1969இல் பிரசவத்தின்போது அவர் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. கடைசியாக வரைந்தவற்றில் ஒன்று, பட்டம் விடும் ஒரு சிறுமி. தமிழ்நாட்டின் ஓவியக் கல்லூரியில் உருவான இந்தப் பெண்ணை நம் பாடநூல்களிலும் வார இதழ்களிலும் அபூர்வமாகவே பார்க்கிறோம். நம் இதழும் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. வரும் இதழில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரை வருகிறது.

பத்மினிக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், ஜெர்மனியில் பவுலா மோடர்ஸோன்-பெக்கர் என்ற பெண் இருந்தார். 1906இல், தன் திருமண நாளில், இடுப்புவரை உடையின்றித் தன்னையே வரைந்தார். மேற்கத்திய ஓவிய வரலாற்றில் ஒரு பெண் தன்னை இப்படி வரைந்த முதல் படம் என்று அதைச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே, மகள் பிறந்த சில நாட்களில், 31 வயதில் இறந்துபோனார். பெண் உடலைப் பெண்ணின் கண்ணால் பார்த்த இந்த இருவரையும் அந்த உடலின் பிரசவமே கொண்டுபோனதை நினைத்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது.

இன்னொருவர் கதை உங்களில் பலருக்கு நெருக்கமாக இருக்கும். சூசான் வாலடோன், 1865இல் பிரான்ஸில் பிறந்தவர், துணி வெளுக்கும் ஒரு தாயின் மகள். சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். சர்க்கஸில் வித்தை காட்டினார், கீழே விழுந்து அடிபட்டதும் அந்தப் பிழைப்பு போயிற்று. பிறகு பாரிஸில் ரெனுவா, லோத்ரெக் போன்ற பெரிய ஓவியர்களுக்கு மாடலாக மணிக்கணக்கில் அசையாமல் நின்று கூலி வாங்கினார். நிற்கும்போது அவர்கள் கோடு இழுப்பதைக் கவனித்துக் கவனித்தே வரையக் கற்றுக்கொண்டார். எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. 1931இல், அறுபதைத் தாண்டிய வயதில், தளர்ந்த மார்போடும் இறுகிய முகத்தோடும் தன்னையே வரைந்து வைத்தார். வருடக்கணக்கில் பிறர் பார்க்கக் கூலிக்கு நின்ற பெண், கடைசியில் தானே பார்க்கும் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நமக்குப் பக்கத்திலேயே, ஜூஜூவாடி சோதனைச் சாவடி தாண்டிப் பெங்களூரிலும் பெண்கள் இப்படித் தங்கள் உருவத்தைத் தாங்களே தீர்மானிப்பது நடக்கிறது. 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெங்களூரைச் சேர்ந்த இளம் ஓவியர் ஷிலோ சிவ் சுலைமான் 'ஃபியர்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவைத் தொடங்கினார். அந்தந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் தங்களை எப்படிப் பார்க்க விரும்புகிறார்களோ அப்படித் தெருச் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலாகத் தீட்டுகிறார்கள். 2016இல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய 'அரவாணி ஆர்ட் புராஜெக்ட்' திருநங்கைகளையும் பிற பெண்களையும் சேர்த்து, பெங்களூர், சென்னை என்று பல ஊர்ச் சுவர்களில் முகங்களை வரைந்துவருகிறது. தெருவில் தலைகுனிந்து நடந்து பழகியவர்கள் அதே தெருவில் ஏணி போட்டு ஏறி நின்று வண்ணம் அடிக்கிறார்கள். சிப்காட் சுற்றுச்சுவர்கள் மைல் கணக்கில் வெறுமையாக நிற்பதைப் பார்க்கும்போது அவற்றிலும் நீங்கள் இப்படி வரைய வேண்டும் என்ற ஆசைதான் எனக்கு வருகிறது. அது கைகூடும் நாள் வரட்டும். இப்போதைக்கு நம்மிடம் இருப்பது எட்டுப் பக்கங்கள்.

வண்ணத்தில் வரைய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். வண்ணப் பெட்டியில் தோல் நிறம் என்று ஒரு வெளிர் ரோஜா நிறம் தருவார்கள். அதைத் தொடாதீர்கள், அது நம் யாருடைய நிறமும் இல்லை. அமெரிக்கக் கிரேயான் கம்பெனி ஒன்று அந்த நிறத்துக்கு வைத்திருந்த சதை என்ற பெயரை 1962இலேயே பீச் பழத்தின் பெயராக மாற்றிவிட்டது. உங்கள் நிறத்தை நீங்களே கலக்க வேண்டும். யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், கொஞ்சம் வெள்ளை, இந்த நான்கும் போதும். பர்ன்ட் சியன்னாவில் நீலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் அடர்ந்த பழுப்பு வரும். ஆக்கர் சேர்த்தால் வெயில் பட்ட மாநிறம் வரும். தோல் கறுப்பு என்பதற்காகக் கறுப்பு வண்ணத்தை எடுத்துப் பூசிவிடாதீர்கள், முகம் சாம்பல் பூத்துச் செத்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை நன்றாகப் பாருங்கள். கறுத்த நெற்றியின் மேட்டில் வானத்தின் நீலம் பளிச்சென்று நிற்கும். காது மடலிலும் விரல் முட்டியிலும் சிவப்பு ஓடும். கழுத்து மடிப்பில் லேசாகப் பச்சை தட்டும். கறுத்த தோலில் ஒளி விளையாடும் இந்த அழகை ஒருமுறை கண்ணால் பிடித்துவிட்டால், முகப்பூச்சு விளம்பரம் சொல்வதை உங்களால் நம்ப முடியாது.

வண்ணம் வாங்கக் காசில்லை என்றாலும் கவலை வேண்டாம். நம் ஊர்ச் செம்மண்ணைச் சலித்து, கருவேலம்பிசினை ஊறவைத்த நீரில் குழைத்தால் நல்ல காவி கிடைக்கும். மண்ணுக்கு அந்தச் சிவப்பைத் தருவது அதிலுள்ள இரும்பு. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு 4,200 ஆண்டு வயது என்று 2022இல் அறிவித்தார்களே, அதே மண்தான். அடுப்புக்கரி கறுப்பைத் தரும், சுண்ணாம்பு வெள்ளையைத் தரும். மஞ்சள்தூளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வரும். மஞ்சள் மட்டும் வெயிலில் வெளிறிவிடும், அதனால் படத்தை நிழலில் காய வையுங்கள்.

எதை வரைவது என்று கேட்பீர்கள். முகம்தான் வேண்டும் என்பதில்லை. எட்டு மணி நேரம் நின்று வீங்கிய கால்களை வரையலாம். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே இருக்கும் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் கால்களுக்கு ஒரு படம் கிடைக்கட்டும். பற்றவைக்கும் கம்பி சுட்ட விரலை வரையலாம். பிரசவம் முடிந்த வயிற்றின் வரிகளை, ஆபரேஷன் தழும்பை, நரைத்த முன்முடியை, நாள் முழுக்க மாஸ்க் போட்டுக் கன்னத்தில் விழுந்த கோட்டை வரையலாம். வாய்விட்டுச் சிரிக்கும்போது தெரியும் தெத்துப்பல்லை வரையலாம். குண்டு, ஒல்லி, குட்டை, நெட்டை, எதையும் மறைக்க வேண்டாம். யாரும் உடை களைந்து வரைய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. வரைகிறவருக்கு எது சம்மதமோ அதுதான் எல்லை, அதைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் கருத்துச் சொல்லப் போவதில்லை.

"உடம்பைப் பற்றி இப்படி வெளிப்படையாகப் பேசுவது குடும்பப் பெண்களுக்கு அழகா?" என்று சிலர் எழுதுவார்கள் என்று தெரியும். அவர்களையும் நான் மதிக்கிறேன். அவர்கள் பயம் பெரும்பாலும் தங்கள் மகள்களைப் பற்றிய பயம். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். அந்த உடம்புதான் ஷிப்டுக்குப் போகிறது, சம்பளம் கொண்டுவருகிறது, தம்பியைப் படிக்க வைக்கிறது, வீட்டுக் கடனை அடைக்கிறது. அதைப் பற்றி அக்கம்பக்கமும் கல்யாணத் தரகரும் பேசலாம், அவள் மட்டும் பேசக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

இனி அனுப்பும் முறை. ஏ4 தாளோ நோட்டுத் தாளோ எதுவானாலும் சரி. மார்கழி முதல் வாரத்துக்குள் எங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள், நேரில் வந்தும் தரலாம். தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசும் தோழிகள் அவரவர் மொழியிலேயே நான்கு வரி எழுதி இணைக்கலாம், நாங்கள் தமிழில் போட்டுக்கொள்கிறோம். பெயர் போடலாமா, ஊர் மட்டும் போதுமா, இரண்டும் வேண்டாமா என்பதைத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் அச்சேறாது. எந்தப் படத்தையும் செல்போன் குழுக்களிலோ வலைத்தளத்திலோ நாங்கள் போட மாட்டோம். மூலப்படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். தேர்வான படங்களுக்கும் தேர்வாகாத படங்களுக்கும் நானே பதில் எழுதுவேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். படத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலோ ஹாஸ்டலிலோ யாராவது, "இது உன்னை மாதிரியே இல்லையே, கொஞ்சம் சிவப்பா போடு, மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கு" என்பார்கள். எதையும் திருத்தாமல் அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்